தொண்ணூறு மில்லி

ஐந்தாவது பாட்டில். மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டதும் எதிர் நாற்காலியில் இருக்கும் தேவி நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். வந்துவிடும் வந்துவிடும் என்கிற சிரிப்பு, பிரசவ வார்டில் நர்ஸ்கள் சிரிப்பார்களே, அது. நாற்பத்தைந்து வயதிருக்கும், தலையில் முக்காடு, கழுத்தில் அட்டை, அட்டையில் தேவி என்று பெயர். இந்த ஊரில் முஸ்லிம் பெண்களுக்கும் தேவி என்று வைக்கிறார்கள். நான் மல்யுத்தப் பாயை விட்டு இறங்கின நிமிஷத்திலிருந்து இவள் என்னை விட்டு இரண்டடி தள்ளிப் போகவில்லை. ஊக்கமருந்து சோதனைக்கு உங்கள் பெயர் குலுக்கலில் விழுந்திருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினாள். போட்டேன். அஞ்சலை என்பதில் கடைசி எழுத்து வந்ததா என்றுகூடத் தெரியவில்லை. தோற்றவளுக்கு எதற்குச் சோதனை? ஊக்கம் ஏதாவது உள்ளே போயிருந்தால் நான் ஏன் முதல் ஆட்டத்திலேயே மல்லாந்து கிடக்கிறேன்? குலுக்கலாம். என் பெயர் குலுக்கலில் விழுந்ததே இல்லை. போலீஸ் குடியிருப்பில் வீடு ஒதுக்கும் குலுக்கலில் நாலு வருஷமாக விழவில்லை. இங்கே விழுந்துவிட்டது. முந்தாநாள் ராத்திரியிலிருந்து ஒரு வாய் தண்ணீர் முழுங்கவில்லை, கொப்பளித்துத் துப்பினேன். அறுபத்துமூன்று கிலோ பிரிவுக்காக நேற்று பூராவும் பிளாஸ்டிக் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன், நீராவி அறையில் உட்கார்ந்தேன், இன்று காலையில் எடை மேடை அறுபத்திரண்டு கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது காட்டியபோது எனக்கு எச்சில்கூட ஊறவில்லை. அப்படி முறுக்கிப் பிழிந்து காயப்போட்ட துணியைப் பிடித்துக்கொண்டு இன்னும் தொண்ணூறு மில்லி கொடு என்கிறார்கள். தொண்ணூறு. அரை குவார்ட்டர். ஒயின்ஷாப் வாசலில் பந்தோபஸ்து நின்றபோது எத்தனை பேர் அந்த அளவை விரலால் காட்டிக் கேட்டிருப்பார்கள். முதலில் வந்த கொஞ்சத்துக்கு மேல் எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. மணி ஒன்றே கால். பதினொன்று ஐம்பதுக்குத் தோற்றேன்.

தொடவில்லை. முட்டி தொடவில்லை. எனக்குத் தெரியாதா, என் முட்டி. எதிராளி பச்சைச் சட்டை, நான் நீலச் சட்டை, இடது கையால் அவள் கை மடிப்பைப் பிடித்தேன், வலது தோளை அவள் அக்குளுக்குக் கீழே கொடுத்துத் திரும்பினேன், அவள் கால் இரண்டும் தரையை விட்டதை முதுகில் உணர்ந்தேன், ஒரு மூட்டை அரிசி தோளைத் தாண்டி உருளுகிற மாதிரி. பொத்தென்று மல்லாக்க விழுந்தாள். முழு முதுகும். அதற்குப் பெயர் ஹலால். குராஷில் முழு வெற்றியை அப்படித்தான் சொல்வார்கள், உஸ்பெக் நாட்டு மல்யுத்தம் அல்லவா, வார்த்தையெல்லாம் அவர்களுடையது. அம்மாவிடம் முதலில் சொன்னபோது, ஏண்டி ஆட்டுக்கறிக்கும் உன் ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டாள். முழு முதுகும் விழுந்தால் ஹலால், ஆட்டம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். நான் எழுந்து நின்று நடுவரைப் பார்க்கிறேன், அந்த ஆள் ஹலால் என்று சொல்லவில்லை, தோக்தா என்கிறார், நிறுத்து என்று அர்த்தம், பிறகு குனிந்து தன் முட்டியை இரண்டு தட்டு தட்டிக் காட்டிக் கையைக் குறுக்கே வீசுகிறார். செல்லாது. முட்டி தரையில் பட்டுவிட்டதாம். நின்றபடிதான் எறிய வேண்டும், முட்டி பட்டால் ஆட்டம் அங்கேயே நிற்கும், இந்த ஆட்டத்தின் தலையெழுத்தே அதுதான், பார்க்கிறவர்களுக்கெல்லாம் பதினோரு மாதமாக நான்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன். ஆனால் படவில்லையே. மேஜை ஓரத்தில் தணிகாசலம் சார் நிற்கிறார். பயிற்சியாளர் கையைத் தூக்கினால் வீடியோ போட்டுப் பார்ப்பார்கள், ஒரு தடவை கேட்கலாம், ஒரே ஒரு தடவை. அவர் கை மேலேதான் இருந்தது. போனைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஆசியப் போட்டியில் முதல் தடவையாக குராஷ் வருகிறது, அதில் பெண்களின் முதல் ஆட்டமே உன்னுடையது அஞ்சலை, வரலாறு, நான் முழுசாகப் படம் பிடிக்கிறேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். பிடித்தார். நான் அவரைப் பார்க்கிறேன், கையைத் தூக்குங்கள், கேளுங்கள். நடுவர் குராஷ் என்றுவிட்டார், தொடங்கு என்று, நான் இன்னும் தணிகாசலத்தைத்தான் பார்க்கிறேன். அவள் என் பெல்ட்டைப் பிடித்தது தெரிந்தது. அப்புறம் கூரை விளக்குகள். வரலாறு ஒரு நிமிஷம் நாற்பது வினாடி நடந்தது.

அவர் இதோ பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார். வீராங்கனையோடு ஒரு ஆள் உள்ளே இருக்கலாம் என்றார்களாம், வந்துவிட்டார். கைகளைத் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டு, பரீட்சை அறைக்கு வெளியே நிற்கிற தகப்பன் மாதிரி.

"சார், அந்த வீடியோவக் காட்டுங்க."

"போன உள்ள விட மாட்றாங்கம்மா. வாசல்லயே வாங்கி டப்பால போட்டுட்டாங்க."

"நீங்க வெளிய போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"போனா திரும்ப உள்ள விட மாட்டாங்களாம். நீ தனியா இருந்துக்குவியா?"

"முட்டி தொட்டுச்சா தொடலயா? நீங்க நேர்ல நின்னீங்கல்ல."

அவர் தரையைப் பார்த்தார். "கையத் தூக்கியிருக்கணும். என் தப்புதான்."

"தப்புன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா சார்?"

"முடியலதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் எனக்கும் சண்டை போட வசதியாக இருக்கும். பேச மாட்டார். மூன்று வருஷத்துக்கு முன்புவரை இந்த மனுஷன் எனக்கு தணிகா அண்ணன். கடலூர் ஸ்டேடியத்தில் ஒரே பாயில் ஜூடோ ஆடினோம், என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், அவரும் என்னை மாதிரித்தான், எந்த டீமிலும் நாலாவது ஆள், விமானத்தில் ஏறாத ஆள். பயிற்சியாளர் சான்றிதழ் வாங்கினதும் சார் ஆகிவிட்டார், எனக்கு வாயில் வர ஆறு மாதம் ஆயிற்று. இதுதான் அவருக்கும் முதல் வெளிநாடு. ஏர்போர்ட்டில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னதற்கு வெட்கப்பட்டார். பாவம் என்று நினைக்கக் கூடாது. நினைத்தால் கோபம் போய்விடும், இப்போது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

ஜூடோவில் முட்டி போடலாம். அங்கேதான் வினை. பன்னிரண்டு வருஷம் நான் எறிந்த எறியெல்லாம் முட்டியில் எறிந்தது, எதிராளியின் காலடியில் சடாரென்று உட்கார்ந்து அவளைத் தோள் வழியாக உருட்டுவேன், மாநிலத்தில் அதைத் தடுக்க ஆளில்லை, தேசிய அளவில் மூன்று பேர் இருந்தார்கள், அதனால் எப்போதும் நாலாவது. பிறகு ஒரு நாள் சுற்றறிக்கை வந்தது, குராஷை ஆசியப் போட்டியில் சேர்த்திருக்கிறார்கள், ஜூடோக்காரர்கள் தேர்வுக்கு வரலாம். அந்த மூன்று பேரும் வரவில்லை, இருக்கிற ஆட்டத்தை விட்டு எவள் வருவாள், நான் போனேன். இருபத்தெட்டு வயது. ஆயுதப்படையில் காவலர், இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார், இதுதாம்மா கடைசி ஸ்பெஷல் லீவு, மெடலோட வந்தா மேல எழுதி அனுப்புறேன், இல்லன்னா வந்த அன்னிக்கே கைதி எஸ்கார்ட். தேர்வில் ஜெயித்தேன். அன்றிலிருந்து முட்டியை மறக்கப் பதினோரு மாதம். தணிகாசலம் சார் துணிக்குப் போடுகிற நீலப் பொடியை வாங்கி வந்து பாய் முழுக்கத் தூவினார். வெள்ளைக் கால்சட்டை. எறிந்து முடித்ததும் திரும்பி நில் என்பார், முட்டியில் நீலம் இருந்தால் இருபது தண்டால். முதல் மாதம் இரண்டு முட்டியும் மயில் கழுத்தாக இருந்தது. முட்டி அஞ்சல முட்டி, முட்டி அஞ்சல முட்டி, நாள் முழுக்க அந்த ஒரு வார்த்தைதான், கனவில்கூட அது. விருத்தாசலம் போனால் அம்மா கால்சட்டையைத் துவைத்துத் துவைத்துச் சலித்துக்கொள்வாள். அவளே பீங்கான் பட்டறையில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவள், நகத்துக்கு உள்ளெல்லாம் நீலமும் சிவப்பும், அவளே அலுத்துக்கொண்டாள் என்றால் பாருங்கள். கடைசி ஒன்றரை மாதம் ஒரு புள்ளி நீலம் இல்லை. இல்லை. நாற்பது நாள் சுத்தமான வெள்ளை. அப்படி இருக்க இன்று ஒரு நாள், இந்த ஒரு நாள் எப்படித் தொடும்? இங்கே வந்து உட்கார்ந்ததும் குனிந்து முட்டியைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இந்த ஊர்ப் பாயில் யார் பொடி தூவினார்கள்.

அடிவயிறு லேசாக இழுக்கிறது. வருகிறதா? எழுந்து நின்றால் தேவியும் எழுகிறாள், சோதனை மேஜையில் இருக்கும் கண்ணாடி போட்ட டாக்டரம்மாவும் எழுகிறாள், மூன்று பேரும் ஊர்வலமாகக் கழிப்பறைக்குப் போகிறோம். இது இரண்டாவது ஊர்வலம். சட்டையை மார்புவரை தூக்க வேண்டும், கால்சட்டையை முட்டிவரை இறக்க வேண்டும், கைமடிப்பை முழங்கைக்கு மேலே சுருட்ட வேண்டும், கையில் பிளாஸ்டிக் குவளை, கதவு திறந்தபடி, டாக்டரம்மா நேர் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அது அவள் வேலை. வெறுப்போ ஆசையோ இல்லாத பார்வை, மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் பார்ப்பது மாதிரி. முதல் தடவை இருபது மில்லி வந்தது, அதோடு அடைத்துக்கொண்டது, அதை ஒரு பையில் போட்டு முத்திரை வைத்து எண் ஒட்டி மேஜையில் வைத்திருக்கிறார்கள், என்னுடைய இருபது மில்லி. இப்போது அதுகூட இல்லை. குந்தியபடி குழாயைத் திறக்கச் சொன்னேன், திறந்தாள், தண்ணீர் கொட்டுகிறது, எனக்கு வரவில்லை. ராசாயி. ஏன் இப்போது ராசாயி? மூன்று வருஷம் இருக்கும், நகை திருடினாள் என்று பிடித்து ரிமாண்டுக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போன பெண், நான் எஸ்கார்ட். கழிப்பறை வாசலில் நான் இதே மாதிரித்தான் நின்றேன், கதவைச் சாத்தக் கூடாது என்று உத்தரவு, முழுங்கிவிடுவாள், அறுத்துக்கொள்வாள், என்னென்னவோ சொல்லி அனுப்பியிருந்தார்கள். "அக்கா, செத்த அந்தாண்ட திரும்பிக்கோங்களேன், வர மாட்டேங்குது" என்றாள். நான் திரும்பவில்லை. திரும்பினால் என்ன ஆகியிருக்கும், ஒன்றும் ஆகியிருக்காது. அவள் அழுதாள், அதற்கும் திரும்பவில்லை. கடைசியில் வராமலே எழுந்து வந்துவிட்டாள், வேனில் நாற்பது கிலோமீட்டர் காலை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை நான் நினைத்ததே இல்லை, இன்றுவரை ஒரு நாளும். இப்போது இந்தக் கண்ணாடிக்காரியிடம் திரும்பிக்கொள்ளுங்கள் என்று எந்த இங்கிலீஷில் கேட்பது, கேட்டாலும் எந்த முகத்தோடு. குவளையை வெறுமையாகத் திருப்பிக் கொடுத்தேன். தேங்க் யூ என்றாள்.

ஆறாவது பாட்டில். தண்ணீர் வயிற்றில் நின்று குலுங்குகிறது, எங்கும் போகாமல். பயந்தால் வராது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் பயப்படவில்லை. பயப்படுகிறேன். அந்த மாத்திரை. எட்டு நாளாகச் சாப்பிடுகிறேன், காலையில் ஒன்று ராத்திரி ஒன்று, நேற்றுகூட எச்சிலில் வைத்து முழுங்கினேன். தீமிதிக்கு எங்கள் தெருப் பெண்கள் வாங்குவார்கள், காப்புக் கட்டின நாளில் மாதவிலக்கு வந்துவிடக் கூடாது என்று, தள்ளிப்போடுகிற மாத்திரை. தேதியைக் கணக்குப் போட்டேன், சரியாக ஆட்டத்தன்று வருகிறது, வெள்ளைக் கால்சட்டை, உலகம் பூராவும் பார்க்கும். பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கலில் வாங்கினேன், அந்த அண்ணன் பெயர்கூடச் சொல்லாமல் அட்டையைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார், நானும் பெயர் கேட்கவில்லை, கடையில் ஆம்பளைகள் நின்றார்கள். இங்கே வந்து மூன்றாம் நாள்தான் அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பாதிப் பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஸ்டிரோன். வெறும் ஸ்டிரோன். கிளம்புவதற்கு முன்னால் ஊக்கமருந்து வகுப்பு ஒன்று எடுத்தார்கள், திரையில் முதல் வார்த்தையே டெஸ்டோஸ்டிரோன், சிவப்பு எழுத்தில், அதற்குக் குறுக்கே ஒரு கோடு. அதே ஸ்டிரோன்தானா? ஒரு வால் ஒரே மாதிரி இருந்தால் மிருகமும் ஒன்றா? யாரிடம் கேட்பது, டீமில் குராஷ் பெண் நான் ஒருத்திதான், சாரிடம் கேட்பதா, சார் எனக்கு நாள் தள்ளிப்போக மாத்திரை சாப்பிடுகிறேன், அதன் வால் சரியில்லை என்றா? கேட்கவில்லை. அப்போதே நிறுத்தியிருக்கலாம், நிறுத்தினால் இரண்டு நாளில் வந்துவிடும், நிறுத்தவில்லை. ஆக இப்போது என்ன ஆகும், இந்தத் தொண்ணூறு மில்லியில் அந்த வால் தெரியும். ஜெயித்தவள் மாட்டினால் பதக்கத்தைப் பிடுங்குவார்கள். என்னிடம் பிடுங்க என்ன இருக்கிறது? வேலை இருக்கிறது. விருத்தாசலம் பெண் போலீஸ் போதை ஊசி என்று பேப்பரில் போடுவார்கள், ஊக்கமருந்துக்கும் போதைக்கும் அவர்களுக்கு வித்தியாசம் இல்லை. பட்டறையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வர்ணம் அடிக்கிறவர்கள் ஒன்றும் கேட்க மாட்டார்கள், கேட்காமல் தூரிகையைக் கழுவுவார்கள். ஒண்ணுக்கு வரவில்லையே என்று அழுவதா, வந்துவிடப் போகிறதே என்று அழுவதா. உடம்புக்குத் தெரிந்துதான் அடைத்து வைத்திருக்கிறது போலிருக்கிறது.

கதவு திறந்தது. இன்னொரு தேவி முதலில் வந்தாள், பின்னால் அவள். பச்சைச் சட்டை. துர்க்மேனிஸ்தான்காரி, ஓகுல். கழுத்தில் பதக்கம். என்னை எறிந்தவள் இன்னும் இரண்டு பேரை எறிந்து, இறுதிக்குப் போய், அங்கே தோற்று வெள்ளியோடு வந்திருக்கிறாள். மணியைப் பார்த்தேன், மூன்று பத்து. நான் ஒரு குவளையை நிரப்ப முடியாமல் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒருத்தி ஒரு போட்டியையே முடித்துவிட்டாள். என்னைப் பார்த்ததும் சிரித்து நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கலாம், காதில் ரத்தம் கட்டியிருந்தது. உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டில் குடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவள் பார்த்திருப்பாள், அவளுக்குத் தெரியும், அவள்தானே எனக்கு மேலே இருந்தாள். நாற்காலியை விட்டு இறங்கி அவள் முன்னால் வலது முட்டியைத் தரையில் தொட்டுக் காட்டினேன், விரலை ஆட்டினேன், தொட்டதா, தொடவில்லையா? தேவிகள் இருவரும் பதறி எழுந்துவிட்டார்கள். தணிகாசலம் சார், "அஞ்சல, வேணாம், எழுந்திரு" என்றார். ஓகுலுக்கு முதலில் புரியவில்லை, நான் திரும்பவும் தொட்டேன், முட்டி, தரை, கேள்வி. புரிந்தது. யோசித்தாள், நிஜமாகவே யோசித்தாள். பிறகு உள்ளங்கையை மல்லாத்தித் தலைக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு விரலால் தன் கண்ணைக் காட்டி, அப்படியே கூரையைக் காட்டினாள். தோளைக் குலுக்கினாள். ஆமாம், அவள் ஆகாசத்தில் இருந்தாள், அவளுக்கு என் முட்டி எப்படித் தெரியும், அவள் பார்த்தது கூரையை. அப்புறம் தன் முதுகைத் தடவி, வலி என்று முகத்தைச் சுளித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். நல்ல எறி. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? பத்து நிமிஷத்தில் அவள் ஊர்வலம் போய் வந்தது, குவளை நிறைய, இளமஞ்சள் நிறத்தில், பெருமாள் கோயில் தீர்த்தம் மாதிரி ஏந்திக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போட்டாள், பதக்கத்தைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள், போய்விட்டாள். அதில்கூட அவள் முந்திக்கொண்டாள்.

சும்மா இருக்கிற நேரத்தில் படிவத்தை நிரப்பலாம் என்று டாக்டரம்மா மேஜைக்குக் கூப்பிட்டாள். பெயர், நாடு, விளையாட்டு. குராஷ் என்பதற்கு அச்சடித்த கட்டமே இல்லை, புது ஆட்டம், மற்றவை என்கிற இடத்தில் கையால் எழுதினாள். கடைசிக் கேள்வி, ஏழு நாளில் என்னென்ன மருந்து சாப்பிட்டீர்கள்? நான் சாரைப் பார்த்தேன்.

"ஒண்ணும் இல்லன்னு போடு" என்றார் தமிழில், உதட்டை அசைக்காமல்.

"சாப்பிட்டிருக்கேன் சார்."

"என்னாது?"

"மாத்திரை."

"என்ன மாத்திரை? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"உங்ககிட்ட சொல்ற மாத்திரை இல்ல."

அவருக்கு மூன்று அக்கா என்று நினைக்கிறேன், உடனே புரிந்துவிட்டது, காது மடல்வரை சிவந்தது. "எழுதினா தோண்டித் துருவுவாங்க அஞ்சல. எழுதாத."

மூன்றரை மணி நேரமாக அவர் என் தப்பு என் தப்பு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார், முதல் தடவையாக எழுதாதே என்று ஒரு கட்டளை. அதனாலேயே எழுதத் தோன்றியதோ என்னவோ. இன்னும் எத்தனை நாள் இதை ஒளித்துச் சுமப்பது. டாக்டரம்மாவிடம் சொன்னேன், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், மந்த்லி, ஸ்டாப், டேப்லெட், வெள்ளை நிறம், நேம் கட், லாஸ்ட்டில் ஸ்டிரோன். சொல்லும்போது சார் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசை அவ்வளவு கவனமாகப் படித்தார். டாக்டரம்மா கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. ஓ, நோரெத்திஸ்டிரோன் என்றாள். எழுதினாள். நிறையப் பெண்கள் சாப்பிடுகிறார்கள், தடை கிடையாது, எழுதிவிட்டால் போதும், நெக்ஸ்ட் என்றாள். அவ்வளவுதானா? ஆறு நாள் தூக்கம், எத்தனை சாமி, வால், மிருகம், அம்மாவின் தூரிகை, எல்லாம் நெக்ஸ்ட்டா? எனக்குச் சந்தோஷம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரு மெடிக்கல் கடைக்காரர் அட்டையை ரெண்டு அங்குலம் தள்ளி வெட்டியிருந்தால் நான் ஆறு ராத்திரி தூங்கியிருப்பேன். தூங்கியிருந்தால் நடுவர் தொடங்கச் சொன்னபோது ஓகுலைப் பார்த்திருப்பேனோ என்னவோ. அந்த ஆத்திரத்தில் எழுந்து நின்றபோதுதான் உள்ளே எதுவோ மடை திறந்த மாதிரி, மேடம், மேடம் என்று நான் ஓட, இரண்டு பேரும் பின்னால் ஓடி வந்தார்கள்.

நூற்று நாற்பது மில்லி. இரண்டு பாட்டிலில் பிரித்து மூடி, எண்ணைப் படிக்கச் சொல்லி, கையெழுத்து வாங்கினார்கள். தேவி என் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பாஷையில் என்னமோ சொன்னாள், அவளுக்கும் நாலு மணி நேரம் இதில் போயிருக்கிறது.

வாசலில் டப்பாவிலிருந்து போனை எடுத்ததும் கையை நீட்டினேன். "குடுங்க."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. ரூமுக்குப் போய்ப் பாத்துக்கலாம்."

"குடுங்க சார்."

கொடுக்கவில்லை, அவரே போட்டுக் காட்டினார், திரையை என் பக்கம் திருப்பி, தான் பார்க்காமல். ஆடாமல் பிடித்திருக்கிறார். நீலம், பச்சை, நடுவர். நான் கைமடிப்பைப் பிடிக்கிறேன், திரும்புகிறேன், அவள் எழும்புகிறாள், எழும்பி உருளுகிறாள். என் வலது முட்டி பாயில் இருக்கிறது. தொட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, ஊன்றியிருக்கிறது, வெள்ளையாக, சாவகாசமாக, தன் வீட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி. நிறுத்தி மறுபடி போட்டேன். மறுபடியும் ஊன்றியது. எனக்குத் தெரியவே தெரியாது. இந்த நிமிஷம்கூட என் உடம்பு படவில்லை என்றுதான் சத்தியம் செய்கிறது. பன்னிரண்டு வருஷத்துப் பழக்கம் என்னைக் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டு என்னிடம் சொல்லாமல் எழுந்து வந்திருக்கிறது. மூன்றாவது தடவை சத்தத்தைக் கூட்டி வைத்தேன். கூட்டத்தின் இரைச்சல், அதற்கு மேலே போனுக்குப் பக்கத்தில் இவர் குரல், போடு போடு போடு, அப்புறம் ஐயோ முட்டி. அடித்தொண்டையில், ஐயோ முட்டி. அதற்குப் பிறகுதான் நடுவர் தோக்தா என்கிறார்.

"நீங்க பாத்துட்டீங்க."

அவர் போனில் சத்தத்தைக் குறைத்தார்.

"பாத்துட்டுதான் கையத் தூக்கல. அங்கயே தெரியும் உங்களுக்கு."

"தூக்கியிருந்தா மட்டும்..." என்றார். "உன் தப்புன்னு அப்பவே சொல்லியிருந்தா அந்த ரூம்ல நாலு மணி நேரம் எதப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருப்ப? என்னைத் திட்டிக்கிட்டாவது இருக்கட்டும்னு விட்டேன்."

நல்லது செய்ததாக நினைப்பு. நாலு மணி நேரம் நான் கட்டி வளர்த்த கோபத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? நடுவர் யோக்கியர், இவர் யோக்கியர், டாக்டரம்மா, தேவி, ஓகுல், எல்லாரும் யோக்கியர்கள், திட்டுவதற்கு ஒரு ஆள் மிச்சமில்லை. அடுத்த போட்டிக்கு இந்த ஆட்டத்தை வைப்பார்களா என்று யாருக்கும் தெரியாது, வைத்தாலும் எனக்கு முப்பத்திமூன்று. நடைக்கூடத்தில் நின்றுகொண்டிருக்கும்போது போன் அவர் கையிலேயே அதிர்ந்தது, திரையில் என் ஆட்டம் மறைந்து விருத்தாசலம் அம்மா என்று வந்தது, அவர் அப்படித்தான் பதிந்து வைத்திருக்கிறார். என் போன் லாக்கரில் இருக்கிறது, அதில் கிடைக்காமல் இதில் கூப்பிட்டிருக்கிறாள். வாங்கிக் காதில் வைத்தேன்.

"அஞ்சல, சாப்பிட்டியா? நாங்க எல்லாரும் பட்டறையில உக்காந்து போன்ல பாத்தோம். அந்தப் பொண்ண என்னமா தூக்கிப் போட்ட நீ. அந்தக் கட்டையில போற நடுவரு காசு வாங்கிட்டான்னு பேசிக்கிறாங்க. உங்க சாரு என்னத்தக் கிழிச்சாரு அங்க, எழுதிக் குடுக்கச் சொல்லு. விடக் கூடாது. இங்க அத்தன பேரும் கொதிச்சிப்போய் உக்காந்திருக்கோம்."

பின்னால் நாலைந்து பெண்கள் ஒரே நேரத்தில் ஆமாம் ஆமாம் என்பது கேட்டது. தணிகாசலம் சார் இரண்டடி தள்ளிப் போய் நின்று ஜன்னல் வழியே பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார், அம்மாவின் குரல் அவருக்கு நன்றாகக் கேட்டிருக்கும், திரும்பவில்லை. ஆமாம்மா, ஏமாத்திட்டாங்கம்மா என்று சொன்னால் போதும். பட்டறை பூராவும் ஆயுசுக்கும் என் பக்கம் நிற்கும்.

"தொட்டுச்சும்மா" என்றேன்.

"என்னாது?"

"முட்டி. தரையில தொட்டுச்சு."

"யாரு முட்டி?"

"என் முட்டிதாம்மா."